குவாண்டம் மென்பொருளும் திறந்த மூல முறையும்

குவாண்டம் கணிப்பொறி என்ற சொல்லைக் கேட்டவுடன் தாழ்வெப்பக் கலங்களும், பொன்முலாம் பூசிய தகடுகளும், பலகோடி ரூபாய் மதிப்புள்ள ஆய்வுக்கூடங்களுமே மனக்கண்முன் தோன்றுகின்றன. அப்பொறியை இயக்குவதற்கும் மென்பொருள் தேவை. அம்மென்பொருளின் பெரும்பகுதி எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் கூடிய வகையில் வெளியிடப்பட்டுள்ளது. இவ்விரு செய்திகளும் பொதுமக்களிடையே போதிய அளவு பரவவில்லை. பொறியை நிறுவ இயலாத கல்லூரி ஒன்றின் மாணவரும் இத்துறையில் உலகத்தரம் வாய்ந்த பணியில் பங்கு கொள்ளலாம் என்ற நிலை இதனால் ஏற்பட்டுள்ளது. அந்நிலை எவ்வாறு உருவாயிற்று, பங்களிப்பு எம்முறையில் நடைபெறுகிறது, அதிலுள்ள இடர்கள் யாவை என்பனவற்றை ஆராய்வது பயனுடையது.

1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடைபெற்ற ஒரு மாநாட்டில், இயற்கையின் குவாண்டம் நடத்தையைக் கணித்தறியக் குவாண்டம் விதிகளின்படியே இயங்கும் பொறி வேண்டும் என்று இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் எடுத்துரைத்தார். 1994-இல் பீட்டர் ஷோர், பேரெண்களைக் காரணிப்படுத்தும் குவாண்டம் வழிமுறையை வகுத்தார். இன்றைய மறைகுறியீட்டு முறைகள் பலவும் காரணிப்படுத்துதலின் கடுமையையே நம்பியிருப்பதால் அரசுகளின் கவனம் இத்துறையின்பால் திரும்பியது. 1996-இல் லவ் குரோவரின் தேடல் வழிமுறை வெளிவந்தது. இவையாவும் தாளில் எழுதப்பட்ட வழிமுறைகளே. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் ஐந்து க்யூபிட் கொண்ட பொறி ஒன்றை இணையத்தின் வழியாகப் பொதுமக்கள் பயன்பாட்டிற்குத் திறந்துவிட்டது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில், அப்பொறிக்கு நிரல் எழுதுவதற்கான ‘கிஸ்கிட்’ என்னும் மென்பொருளையும் மூல நிரலோடு வெளியிட்டது. 2018-இல் கூகிள் நிறுவனம் ‘சர்க்’ என்பதையும், கனடா நாட்டின் சனாடு நிறுவனம் ‘பென்னிலேன்’ என்பதையும் அவ்வாறே வெளியிட்டன. இவற்றுக்கெல்லாம் முன்பே, நிறுவனம் எதனையும் சாராத ஆராய்ச்சியாளர்கள் ஆக்கிய ‘க்யூடிப்’ என்ற மென்பொருள் இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் வழக்கிலிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

உரிமம் தரும் உரிமை

திறந்த மூலம் என்பது விலையின்மையை மட்டும் குறிப்பதன்று. மூல நிரலைப் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை உண்டு என்பதை எழுத்து மூலம் உறுதி செய்யும் உரிமம் ஒன்று அதனுடன் இணைந்திருக்க வேண்டும். உரிமம் இல்லாத நிரல் இணையத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தாலும் அது திறந்த மூலம் ஆகாது. பதிப்புரிமைச் சட்டம் அதனைக் காத்து நிற்கும். தொடக்க நிலை மாணவர்கள் பலரும் இதனை அறியாமல், தம் நிரலை உரிமமின்றி வெளியிட்டுவிடுகின்றனர். அதனால் பிறர் எவரும் அதனை நம்பிப் பயன்படுத்த இயலுவதில்லை.

கிஸ்கிட், சர்க், பென்னிலேன் ஆகிய மூன்றும் 2004-ஆம் ஆண்டின் அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் வெளிவந்துள்ளன. பங்களிப்போர் தாம் அளித்த பகுதிக்குள் அடங்கும் காப்புரிமைகளைப் பயன்படுத்துவோர்க்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதி இவ்வுரிமத்தில் உண்டு. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கணிப்பொறி நிரலைத் தனிப்பட்ட கண்டுபிடிப்பாக ஏற்பதில்லையாயினும், வேறு நாடுகளில் நிலைமை அவ்வாறன்று. ஆகவே இவ்விதி வெறும் சடங்கு அன்று. இந்தியாவில் உருவாகும் ஒரு சிறு நிறுவனம் இம்மென்பொருளைத் தன் பண்டத்தில் சேர்த்து அயல்நாட்டில் விற்க முற்படும்போது அதற்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு இதுவே.

மென்பொருள் செய்யும் வேலை

குவாண்டம் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை அறியாமல் அதில் பங்களிப்பது பற்றிப் பேசுவது பொருந்தாது. அதன் வேலைகளை மூன்றாகக் காணலாம்.

முதலாவது, பொறியில்லாமலே பொறியைப் போல் கணித்துக் காட்டுதல். ஒரு க்யூபிட்டின் நிலையை விவரிக்க இரண்டு சிக்கலெண்கள் வேண்டும், இரண்டு க்யூபிட்டுகளுக்கு நான்கு, மூன்றுக்கு எட்டு. இவ்வாறு ஒவ்வொரு க்யூபிட் கூடும்போதும் எண்களின் தொகை இருமடங்காகிறது. ஒரு சிக்கலெண்ணை 16 பைட் இடத்தில் எழுதினால் 25 க்யூபிட்டுகளின் நிலையைச் சேமிக்க 512 மெகாபைட் நினைவகம் போதும். 28 க்யூபிட்டுகளுக்கு 4 கிகாபைட் வேண்டும். சாதாரணக் கல்லூரிக் கணிப்பொறியிலேயே இது அடங்கும். 30-க்கு 16 கிகாபைட். 40-க்கு அதனைப்போல் 1,024 மடங்கு. 50 என்றாலோ உலகின் மாபெரும் கணிப்பொறிகளும் திணறும். குவாண்டம் பொறி ஏன் வேண்டும் என்பதற்கு இக்கணக்கே விடை. அதே வேளையில், கற்பதற்கும் சிறு சோதனைகளுக்கும் மேசைமேலுள்ள கணிப்பொறி தாராளமாகப் போதும் என்பதும் இதே கணக்கிலிருந்து பெறப்படுகிறது.

இரண்டாவது வேலை, மனிதர் எழுதிய குவாண்டம் சுற்றைக் குறிப்பிட்ட பொறிக்கு ஏற்பப் பெயர்த்தெழுதுதல். காகிதத்தில் எந்த க்யூபிட்டையும் எதனோடும் இணைத்துவிடலாம். பல பொறிகளிலோ அண்டையிலுள்ள க்யூபிட்டுகளுக்கிடையே மட்டுமே நேரடித் தொடர்பு உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் பல ஆண்டுகள் கையாண்ட அறுகோண அமைப்பில் ஒரு க்யூபிட்டிற்கு மூன்று அண்டைகளுக்கு மேல் இல்லை. தொலைவிலுள்ள இரண்டைச் சேர்க்க வேண்டுமானால் இடையிலுள்ள க்யூபிட்டுகளின் நிலைகளை இடமாற்றிக்கொண்டே செல்ல வேண்டும். ஓர் இடமாற்றத்திற்கு மூன்று இரு-க்யூபிட் செயல்கள் செலவாகின்றன. ஒவ்வொரு செயலிலும் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை நேரக்கூடும் என்று கொண்டால், நூறு செயல்கள் பிழையின்றி முடிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு மட்டுமே. தேவையற்ற இடமாற்றங்களைக் குறைக்கும் நிரலாளர், பொறியைத் தொடாமலேயே பொறியின் திறனை உயர்த்துகிறார். கிஸ்கிட்டில் இன்று இவ்வேலையைச் செய்யும் ‘சேபர்’ என்ற வழிமுறை, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டதேயாகும். வெளியிலிருந்து வந்த கருத்து, நிறுவனத்தின் மென்பொருளில் நிலையான இடம் பெற்றது.

மூன்றாவது, பிழைகளின் விளைவைத் தணித்தல். முழுமையான பிழைதிருத்தத்திற்கு மிகப் பல க்யூபிட்டுகள் வேண்டும். அதுவரை வேறு உபாயங்கள் தேவை. அவற்றுள் ஒன்று வியப்பூட்டுவது: வேண்டுமென்றே இரைச்சலைக் கூட்டிக் கூட்டி விடையை அளந்து, அவ்விடைகள் செல்லும் போக்கைக் கொண்டு இரைச்சலே இல்லாவிட்டால் கிடைக்கும் விடையை உய்த்துணர்வது. ‘மிட்டிக்’ என்ற திறந்த மூல மென்பொருள் இதற்கென்றே ஆக்கப்பட்டது. 2018-இல் யூனிட்டரி ஃபண்ட் என்ற பெயரில் தொடங்கப்பெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதனைப் பேணி வருகிறது. தனி மனிதர்களின் திறந்த மூலத் திட்டங்களுக்குச் சிறு நல்கைகள் வழங்குவதும், குறிப்பிட்ட குறைகளைத் தீர்ப்போர்க்குப் பரிசளிக்கும் நிகழ்ச்சியை 2021 முதல் நடத்தி வருவதும் இவ்வமைப்பின் பிற பணிகள்.

பங்களிப்பு நடைபெறும் முறை

மூல நிரல் ‘கிட்ஹப்’ போன்ற பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கும். அங்கே தெரியவந்த குறைகளும், தேவையான புதிய வசதிகளும் வரிசையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். புதியவர்க்கு ஏற்றவை என்று சில தனியே குறிக்கப்படுவதும் உண்டு. பங்களிக்க விரும்புவோர் ஒரு குறையைத் தேர்ந்து, தாம் அதனை மேற்கொள்வதாகத் தெரிவித்து, களஞ்சியத்தின் படி ஒன்றைத் தமதாக்கிக்கொண்டு அதில் மாற்றம் செய்கின்றனர். பின்னர் அம்மாற்றத்தை மூலக் களஞ்சியத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றனர். பொறுப்பாளர்கள் வரிவரியாகப் படித்துக் கேள்வி எழுப்புவர், திருத்தச் சொல்வர், பல வேளைகளில் மறுப்பர். ஏற்கப்பட்டால் மாற்றம் அடுத்த வெளியீட்டில் இடம் பெறும். கிஸ்கிட் போன்ற திட்டங்களில், பங்களிப்பவர் முதன்முறை ஓர் உரிம ஒப்பந்தத்தில் இசைவு தெரிவிக்கவும் வேண்டும்.

மாற்றத்துடன் அதனைச் சோதிக்கும் நிரலையும் சேர்த்தே அளிக்க வேண்டும் என்பது பொது விதி. குவாண்டம் துறையில் இதற்குத் தனிக் கடுமை உண்டு. இரண்டு க்யூபிட்டுகளைப் பின்னிப்பிணைத்து 1,000 முறை அளந்தால், இரண்டும் சுழியாக வருவது சுமார் 500 தடவை, இரண்டும் ஒன்றாக வருவது சுமார் 500 தடவை. ஆனால் சரியாக 500 என்பது அரிதாகவே நேரும். 16 அளவு கூடுவதும் குறைவதும் இயல்பு. விடை சரியாக 500 என்று எதிர்பார்த்துச் சோதனை எழுதியவரின் நிரல் குற்றமற்றதாயினும் அச்சோதனை பெரும்பாலும் தோல்வியையே காட்டும். எவ்வளவு விலகலை ஏற்பது, எதனைப் பிழையெனக் கொள்வது என்று முடிவு செய்யப் புள்ளியியல் அறிவு வேண்டும். இயற்பியல் பயின்றவரைக் காட்டிலும் புள்ளியியல் பயின்ற மாணவர் இவ்விடத்தில் மிகுதியாகப் பயன்படுவார்.

குவாண்டம் இயற்பியலை முற்றக் கற்ற பிறகே நுழைய வேண்டும் என்பது தவறான எண்ணம். அளவீட்டின் விடையை எழுதும்போது கிஸ்கிட் முதல் க்யூபிட்டை வலக்கோடியில் வைக்கிறது. சர்க் இடக்கோடியில் வைக்கிறது. இவ்வேற்றுமை அறியாது குழம்பியவர் எண்ணற்றோர். இத்தகைய இடங்களில் விளக்கக் குறிப்பைத் தெளிவாகத் திருத்தி எழுதுவதும் மதிப்புடைய பங்களிப்பே. மொழிபெயர்ப்பும் அவ்வாறே. கிஸ்கிட் ஆவணங்கள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டபோது வங்கமும் தமிழும் அவற்றுள் இடம்பெற்றிருந்தன. நிரலைவிட ஆவணம் எளிது என்று கருதுவோர், ‘சூப்பர்பொசிஷன்’ என்பதற்கு ஒரு தமிழ்த்தொடரைத் தெரிந்து, அதனை நூறு பக்கங்களிலும் மாறாமல் காக்க முயன்று பார்க்கலாம்.

பழைய பாடங்களைப் புதுப்பித்தல் மற்றொரு பெருந்தேவை. 2024 பிப்ரவரியில் கிஸ்கிட் 1.0 வெளியானபோது, அதுகாறும் ஏறத்தாழ எல்லாப் பாடங்களிலும் இடம்பெற்றிருந்த ‘எக்சிக்யூட்’ என்ற கட்டளை நீக்கப்பட்டது. அதற்கு முன், ‘அக்குவா’ என்ற பகுதி முழுவதும் 2021-இல் கைவிடப்பட்டு, வேதியியல், நிதி, உகப்பாக்கம், கற்றல் எனத் தனித்தனியே பிரிக்கப்பட்டது. பழைய நூலைப் பார்த்து நிரல் எழுதும் மாணவருக்குப் பிழைச்செய்தி மட்டுமே கிடைக்கிறது. குற்றம் தன்னுடையதென்று அவர் எண்ணித் துறையையே விட்டு விலகுவதும் நிகழக்கூடியதே.

பெங்களூரில் பிறந்த ஒரு முயற்சி

திறந்த மூலத்தின் பயன் நம் நாட்டில் எவ்வாறு விளைந்தது என்பதற்குப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அனுபவம் தக்க சான்று. அங்குப் பேராசிரியர் அபூர்வ படேலும் இளம் ஆய்வாளர்கள் சிலரும் இரைச்சலுள்ள குவாண்டம் சுற்றுகளைக் கணித்துக் காட்டும் நிரல் தொகுதி ஒன்றை ஆக்கி 2019-இல் வெளியிட்டனர். க்யூபிட்டின் தொடக்க நிலை, அதன்மேல் நிகழும் செயல்கள், நினைவில் வைத்தல், அளத்தல் ஆகிய நான்கு கட்டங்களிலும் நேரக்கூடிய பிழைகளை அதில் சேர்த்துக் கணிக்கலாம். அவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதவில்லை. கிஸ்கிட்டின் மூல நிரல் திறந்திருந்தமையால், அதற்குள் பொருந்தும் ஒரு புதிய உறுப்பாகவே தம் தொகுதியை அமைத்தனர். சுற்றை வரைதல், படித்தல், காட்டுதல் போன்றவற்றிற்கான உழைப்பு மிச்சமாயிற்று. அறிவியல் புதுமைக்கே காலம் முழுவதும் செலவிடப்பட்டது.

2021 ஆகஸ்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஆதரவில் ‘க்யூசிம்’ என்னும் குவாண்டம் கணிப்பொறிப் பாவனைக் கருவி தொடங்கி வைக்கப்பட்டது. இந்திய அறிவியல் கழகம், ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகம், உயர்நிலைக் கணிப்பியல் வளர்ச்சி மையமான சி-டாக் ஆகியவை அதனை உருவாக்கின. பொறி வாங்குவதற்கு முன்பே நிரலாளர்களைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கம்.

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசியக் குவாண்டம் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை நீளும் இவ்வியக்கத்தின் குறிக்கோள்களுள் ஒன்று, எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரை கொண்ட பொறிகளை ஆக்குவதாகும். கணிப்பொறி, தகவல் தொடர்பு, நுண்ணளவீடு, மூலப்பொருளும் கருவிகளும் என்று நான்கு மையங்கள் முறையே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும், சென்னை, மும்பை, தில்லி தொழில்நுட்பக் கழகங்களிலும் அமைக்கப்பட்டுள்ளன. இங்கு உருவாகும் பொறிகளுக்கான இயக்கு நிரலை எழுதுவோர் யார் என்ற வினா இவ்விடத்தில் எழுகிறது. வெளிநாட்டு மென்பொருளின் உட்பொருளை அறிந்தவர் நம்மிடையே போதிய அளவு இல்லையெனில், பொறி உள்நாட்டினதாக இருந்தும் அதனை ஆளும் நிரல் அயலாரின் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டதாகிவிடும்.

கருத்தில் கொள்ள வேண்டிய இடர்கள்

இம்முறையைப் புகழ்ந்து மட்டும் பேசுவது நேர்மையாகாது. பெரிய திட்டங்கள் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் ஊதியம் பெறும் பொறியாளர்களாலேயே நடத்தப்படுகின்றன. எதனைச் சேர்ப்பது, எதனைக் கைவிடுவது என்பதும் அவர்கள் கையிலேயே உள்ளது. இந்திய மாணவர் ஊதியமின்றி அளிக்கும் உழைப்பு, அயல்நாட்டு நிறுவனமொன்றின் வணிகத்திற்குத் துணைபோகிறது என்ற குறை முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும், நிரலின் படியை எடுத்துக்கொண்டு தனியே நடத்தும் உரிமையை உரிமம் காக்கிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் ஆற்றல், நிரலைப் பழகி அறிந்தவர்க்கே உண்டு. பழகுவதற்குப் பங்களிப்பைக் காட்டிலும் சிறந்த வழி இதுவரை காணப்படவில்லை.

மற்றொரு இடர் நம் பக்கத்தில் உள்ளது. 2020 அக்டோபரில், திறந்த மூலப் பங்களிப்பிற்குச் சட்டை பரிசளிக்கும் நிகழ்ச்சி ஒன்றையொட்டி, பொருளற்ற சிறுமாற்றங்கள் உலகின் பல பகுதிகளிலிருந்தும் திட்டங்களின்மேல் வெள்ளமெனக் குவிந்தன. ஒரு சொல்லைச் சேர்த்தல், ஒரு புள்ளியை நீக்குதல் போன்றவையே அவை. பொறுப்பாளர்கள் சலிப்புற்றனர்; இசைவு தெரிவித்த திட்டங்களில் செய்யும் மாற்றங்களே கணக்கில் கொள்ளப்படும் என்று விதியையே மாற்ற நேர்ந்தது. மாற்றங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பெண் வழங்கும் கல்லூரியும் இதே விளைவைத்தான் காணும். ஒரு பங்களிப்பைப் படித்துப் பார்க்கப் பொறுப்பாளர் செலவிடும் நேரமும் ஒரு செலவே.

அலுவலர்களைப் பொறுத்தவரை கொள்கைத் தடை இல்லை. அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையும், அரசுக்கென எழுதப்பட்ட நிரல்களைத் திறந்து பகிரும் கொள்கையும் 2015-இலேயே வெளியிடப்பட்டுள்ளன. ஆனால் உரிமை பற்றிய வினா எஞ்சுகிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. அதன் 17-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணியின் நிமித்தம் எழுதப்பட்டதன் முதல் உரிமையாளர் வேலையளிப்பவரே. அரசுப் படைப்பாயின் அரசே. ஆகவே, ஆய்வுக்கூடத்திலோ அலுவலகத்திலோ பணிபுரிபவர் தாமாகவே ஒப்பந்தத்தில் இசைவு தெரிவித்துப் பணியில் எழுதிய நிரலை அளித்துவிட இயலாது. மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி தேவை. ஒவ்வொரு மாற்றத்திற்கும் தனித்தனியே கோப்பு அனுப்புவதென்றால், அனுமதி கிடைப்பதற்குள் குறையை வேறொரு நாட்டவர் தீர்த்திருப்பார். எந்தெந்தத் திட்டங்களுக்கு, எவ்வகை நிரலை, எவருடைய ஒப்புதலுடன் அளிக்கலாம் என்று நிறுவனமே முன்கூட்டிப் பொது ஆணை ஒன்று பிறப்பித்துவிட்டால் இத்தாமதம் நேராது. ஊதியம் பெறாத கல்லூரி மாணவரின் நிரல் பொதுவாக அவருக்கே உரியது. எனினும், நிதியுதவி பெற்ற ஆய்வுத்திட்டத்தில் பணிபுரிபவராயின், அத்திட்டத்தின் நிபந்தனைகளைப் படித்த பின்னரே களஞ்சியத்தை அணுகுதல் வேண்டும்.